காவேரியின் காணாமல் போன புரதம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் லேபில் மீன் வாடை அடிக்கும். அடித்தால் காவேரி வந்துவிட்டாள் என்று அர்த்தம். ஒரு கையில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கிய நாலு கிலோ பீட்ரூட், இன்னொரு கையில் சாக்கு சுற்றிய ஐஸ் வாளி. 29சி பஸ்ஸில் அந்த வாளியோடு எப்படி ஏறினாள், எப்படி இறங்கினாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கண்டக்டர் முணுமுணுத்தால், "உள்ள ஆராய்ச்சி கீதுண்ணே, கால் படாம பாத்துக்க" என்பாளாம்.

நான் சாருலதா. மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் வீடு. அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் காவேரிக்கு அடுத்த மேஜையில் ஐந்து வருஷம் உட்கார்ந்தவள். நிலையத்தின் பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கேதான் சம்பளம். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு என்று வீட்டில் சொல்வார்கள், அவர்கள் கிடக்கிறார்கள்.

முதல் வருஷம் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே வேலை செய்தேன். எங்கள் பேராசிரியர் ராஜகோபாலனிடம் போய் மேஜையை மாற்றித் தரச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, லேபில் ஐஸ் மெஷின் செத்து நாலு மாசம் ஆகிறது, ரிப்பேர் ஃபைல் மேஜை மேஜையாக ஊர்வலம் போகிறது, ஐஸ் கொண்டுவருகிற ஒரே ஆள் அவள்தான், நீ வேண்டுமானால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்றார். அந்த ஐஸ் சாந்தோம் பக்கத்தில் படகுகளுக்கு பார் ஐஸ் உடைத்துக் கொடுக்கும் மிக்கேல் என்பவர் அவளுக்காக ஒதுக்கி வைப்பது. வாளிக்குள் எப்போதாவது ஒரு நெத்திலியும் இருக்கும். நான் கத்தினால், புரதத்துக்கு மூக்கு கிடையாது என்பாள் காவேரி.

அவள் நொச்சிக்குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா குப்பம்மா மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் கூடை வைத்து மீன் விற்கிறவர். இப்படி ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மீனைப் பற்றிப் படிக்கலாமே, ஏன் செடி? ஐந்து வருஷத்தில் ஐநூறு பேர் கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன்.

"மீன பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினுதானே கீறேன்," என்றாள். "பீட்ரூட்டுதான் எனக்குப் புச்சு."

கருத்தரங்கில் ஏறினால் பிசிறில்லாத ஆங்கிலம் பேசுவாள். மேஜைக்குத் திரும்பினால் குப்பத்துத் தமிழ். நான் கிண்டலாக அவளைப் போலப் பேசிக் காட்டினால், அவள் பதிலுக்கு எங்காத்துத் தமிழைப் பேசிக் காட்டுவாள். அது என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். அதுவும் எனக்கு எரிச்சல்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்தாள் என்று சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பீட்ரூட்டை நறுக்கினால் கையெல்லாம் சிவப்பாகிறதே, அந்தச் சிவப்பு செல் முழுக்கப் பரவிக் கிடப்பதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பானை இருக்கிறது, சிவப்பு அதற்குள் இருக்கிறது. கத்தி பட்டுப் பானை உடைந்தால்தான் வெளியே வரும். புத்தகத்தில் வாக்குவோல் என்று போடுவார்கள்; காவேரி பானை என்றுதான் சொல்வாள். செடி கடைக்குப் போக முடியாது, வேண்டாததைத் தெருவில் கொட்டவும் முடியாது. அதனால் கிடைக்கிற சத்து, வேண்டாத கழிவு எல்லாவற்றையும் அந்தப் பானையில் சேர்த்து வைக்கிறது. பானையைச் சுற்றி மெல்லிய சவ்வு. சவ்வில் ஆங்காங்கே புரதங்கள் வாசற்காரர்கள் போல உட்கார்ந்து, இன்னது உள்ளே போகலாம், இன்னது போகக் கூடாது என்று பார்த்துக்கொள்ளும். அதில் கால்சியத்தை மட்டும் உள்ளே தூக்கிப் போடுகிற ஒரு புரதம்தான் காவேரியின் ஆள். அந்த ஆள் ஒழுங்காக வேலை செய்யும் காயிலும் கீரையிலும்தான் நமக்குச் சாப்பிடக் கால்சியம் இருக்கும்.

குப்பம்மாவுக்கு முட்டிவலி. டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்து நாள் தின்றுவிட்டு, கடற்கரை முழுக்கச் சிப்பி கிடக்கிறது, எனக்குச் சுண்ணாம்பு பத்தலையாமே என்று சிரித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். மாத்திரையை நிறுத்துகிறவர்கள் கீரையை நிறுத்துவதில்லை என்று காவேரி ஒருமுறை சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சிக்கு அவள் சொன்ன காரணம் அது ஒன்றுதான்.

குப்பம்மா ஒருதரம் லேபுக்கு வந்தார். மகள் மறந்துவிட்ட சாப்பாட்டுக்கூடையைக் கொடுக்க வந்தவரை, நாலு டிகிரியில் இருக்கும் எங்கள் குளிர் அறையைப் பார்க்கச் சொல்லி அழைத்துப்போனோம். கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அலமாரி அலமாரியாகப் பீட்ரூட்டைப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஐஸ் ரூமை வைத்துக்கொண்டு இதைப் போய் அடுக்கியிருக்கிறார்களே, நாலு கூடை வஞ்சிரம் வைக்கலாமே என்று அவர் வருத்தப்பட்டதை ராஜகோபாலன் சார் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் குளிர் அறையில்தான் காவேரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பீட்ரூட் நறுக்குவாள். சென்னையில் மே மாதத்தில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறிய ஒரே பிறவி அவளாகத்தான் இருக்கும். தோலைச் சீவி, நறுக்கி, ஐஸில் வைத்த மிக்ஸியில் அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மெஷினில் சுற்றி, சர்க்கரைக் கரைசல் மேல் விட்டு மறுபடி சுற்றினால் சவ்வெல்லாம் ஒரு மெல்லிய கோடாக மிதக்கும். அதிலிருந்து ஒவ்வொரு புரதமாகக் கழித்துக் கழித்துக் கடைசியில் ஒரு சின்னக் குழாயில் நாலு துளி மிஞ்சும். நாலு கிலோவுக்கு நாலு துளி. ஆனால் இத்தனை வேலையிலும் அவள் ஒரு சொட்டுச் சாறு கீழே சிந்தி நான் பார்த்ததில்லை. மீன் அறுக்கிற வீட்டுக் கை, சுத்தமான கை. நானோ எதைத் தொட்டாலும் சிந்துவேன். என் துப்பட்டாவில் சாம்பார் முதல் நீலச் சாயம் வரை எல்லாக் கறையும் உண்டு. லேபில் எங்கே எது கொட்டிக் கிடந்தாலும், கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெஹபூப் பாஷா துணியை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்குத்தான் வருவார்.

இப்போது சங்கடத்துக்கு வருகிறேன். அந்த நாலு துளியில் பாதியை எடுத்துச் சின்னச் சவ்வுப் பைகளில் பதித்து, வேலை செய்கிறதா என்று பார்த்தால், கால்சியத்தை மளமளவென்று உள்ளே தூக்கிப் போடும். ஆக, ஆள் குழாயில் இருக்கிறார். மறு பாதியை ஜெல்லில் விட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஜெல் என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உறைய வைத்த ஒரு பாளம். உச்சியில் சின்னக் குழிகள் இருக்கும். குழியில் புரதத்தை விட்டு மின்சாரம் கொடுத்தால் அது குழிக்கு நேர் கீழே ஒரு பத்தியாக அடிப்பக்கம் ஓடும். பெரியது கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும், சின்னது அடிவரை போகும். அப்புறம் நீலச் சாயத்தில் முக்கினால், நின்ற இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுதான் புரதத்தின் போட்டோ. என் புரதங்கள் தண்ணீரில் கரைகிற நல்ல பிள்ளைகள், போஸ் கொடுத்து நிற்கும். காவேரியின் பத்தியில் வெறும் வெள்ளை. இரண்டு வருஷம், எழுபது ஜெல்லுக்கு மேல், வெள்ளை.

1996 ஆகஸ்டில் ராஜகோபாலன் சார் அவளைக் கூப்பிட்டார். நானும் அறையில் இருந்தேன்.

"வேலை நடக்கறதுங்கறே, ஆளைக் காணோம்ங்கறே," என்றார். "எங்காத்துல பேப்பர் விழற மாதிரி இருக்கு. தினம் வர்றது, போடறவரை நான் பார்த்ததே இல்லை. ஆனா கமிட்டியில அவரைக் கூட்டிண்டு வந்து நிறுத்துன்னு கேப்பாம்மா."

கமிட்டி அக்டோபர் 28, திங்கட்கிழமை. அந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஐந்து வருஷப் பதிவு முடிகிறது. கோட்டைக் காட்டினால் இன்னும் ஒரு வருஷம் கொடுப்பார்கள், எழுதி முடித்துப் பட்டம் வாங்கலாம். காட்டாவிட்டால் பதிவு ரத்து. சார் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி இல்லை, அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

குப்பத்தில் அவளுக்கு அப்போதே டாக்டரம்மா என்று பெயர். காய்ச்சல் என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று அவள் ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் காரிடாரில் என்னிடம், "இப்போ எந்த டாக்டரும் இல்லன்னு ஆயிடும் போலக் கீது சாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்காக நான் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

செப்டம்பர் முழுக்க ஜெல் மேல் ஜெல்லாக ஓட்டினாள். எல்லாம் வெள்ளை.

அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. குப்பம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் என்று ஆள் வந்தது. ஜெல் அரைவாசி ஓடிக்கொண்டிருந்தது. காவேரி என் மேஜைக்கு வந்து, முடிந்ததும் எடுத்துத் தலை கிள்ளிச் சாயத்தில் போட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டு ஓடினாள். தலை கிள்ளுவது எங்கள் லேபின் வழக்கம். ஜெல்லின் உச்சியில், குழிகள் இருக்கிற ஒரு விரற்கடை அகலத்துக்கு வெறும் நுழைவாசல் மாதிரி ஒரு பகுதி உண்டு. அதில் ஒன்றும் நிற்காது, கொழகொழவென்று இருக்கும், கிழியும். வெண்டைக்காய்க் காம்பு போல அதை பிளேடால் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மீதியைத்தான் சாயத்தில் முக்குவோம். எல்லோரும் அப்படித்தான். ஏன் என்று கேட்டவர் இல்லை.

எனக்கு அன்றைக்கு வேறு அவசரம். தீபாவளிப் புடவை எடுக்க அம்மா தி. நகரில் ஐந்து மணிக்கு நிற்பாள். ஐந்து என்றால் ஐந்துக்கு நிற்பாள், ஐந்து பத்துக்கு எனக்கு அர்ச்சனை ஆரம்பிக்கும். ஜெல் ஓடி முடிய நாலே முக்கால். பிளேடைக் காணோம். யார் எடுத்தார்களோ என்று மனசுக்குள் எல்லோரையும் திட்டிவிட்டு, தலையோடு அப்படியே சாயத்தில் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன். புடவை எடுத்தோம். சாயம் போகிற புடவை, அது வேறு கதை.

மறுநாள் காலையில் சாயத்தைக் கழுவிவிட்டு ஜெல்லை வெளிச்சத்தில் வைத்தேன். காவேரியின் பத்தி வழக்கம்போல வெள்ளை. உச்சியில், வெட்டாமல் விட்ட பகுதியில், அவளுடைய குழிக்குள் மட்டும் நீலமாக ஒரு திட்டு. என் கைங்கரியம்தான், அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அவள் பார்ப்பதற்குள் வெட்டி எறிந்துவிடலாம் என்று, காலையில் என் டிராயரிலேயே அகப்பட்ட பிளேடை வைத்தேன்.

பின்னாலிருந்து என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். காவேரி. ராத்தூக்கம் இல்லாமல் கண் சிவந்திருந்தது.

"வெட்டாத," என்றாள்.

குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அதே ஜெல்லில் ஓடிய மற்றவர்களின் பத்திகளில் உச்சி சுத்தமாக இருந்தது. அவளுடைய கடைசிக் குழாயை விட்ட ஒரே ஒரு குழியில்தான் அந்த நீலம். காவேரி மெதுவாக, "உள்ளாற போவல. வாசல்லயே நின்னுகினு கீது" என்றாள். எழுபது ஜெல்லின் தலையைக் கிள்ளிக் குப்பையில் போட்டோமே, அதெல்லாம் என்ன என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது.

ஆனால் வாசலில் நிற்பதை யாரும் கோடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அழுக்கும் அங்கேதான் நிற்கும். ஆள் உள்ளே ஓடி, தனக்குரிய இடத்தில் நின்றால்தான் போட்டோ. கமிட்டிக்குப் பத்து நாள் இருந்தது. ஏன் ஓட மறுக்கிறது என்று அந்த வெள்ளி, சனி இரண்டு நாளும் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் டப்பாவில் கடமா. அது கடலில் கிடைக்கும் வழவழப்பான ஒரு ஜீவன் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அம்மா படுத்திருந்ததால் அவளே சமைத்தது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். நான் தயிர்சாதத்தை முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் இன்னும் அதே துண்டில் இருந்தாள்.

"என்னடி இது, ரப்பர் செருப்பை மென்னுண்டிருக்கிற மாதிரி?" என்றேன்.

"அம்மா ரெண்டே நிமிசத்துல எறக்கிடும்," என்றாள். "நான் பேப்பர் படிச்சிகினே அடுப்புல வுட்டுட்டேன். கடமா ஜாஸ்தி வெந்தா சுருங்கிக் கெட்டியாப் பூடும். அப்பால..."

மெல்வதை நிறுத்தினாள். வாயில் இருந்ததைக் காகிதத்தில் துப்பினாள். வேறு சமயமாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன்.

"சாரு, ஜெல்லுல வுடறதுக்கு முன்னாடி எத்தினி நிமிசம் கொதிக்க வெக்கிறோம்?"

"பத்து."

"யாரு சொன்னது?"

"நோட்டுல இருக்கு."

எங்கள் லேபுக்கு ஒரு பொது நோட்டு உண்டு. சமையல் குறிப்பு மாதிரி எல்லாச் செய்முறையும் அதில் இருக்கும். புரதம் ஜெல்லில் ஒழுங்காக ஓட வேண்டுமானால் முதலில் அதைச் சோப்பு மாதிரி ஒரு மருந்தோடு சேர்த்துக் கொதிக்க வைக்க வேண்டும். புரதம் பிரிந்து நீளமாகிவிடும். உலகம் பூராவும் அப்படித்தான். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தோம். 1981-ல் யாரோ மூன்று நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்து, 1987-ல் குருபிரசாத் என்ற எங்கள் சீனியர் ஐந்து என்று போட்டிருந்தார். அதையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் பத்து என்று இருந்தது, பச்சை மையில்.

லேபில் பச்சை மையில் எழுதுகிற ஒரே ஆள் நான். நீ என்ன கெஜட்டட் ஆபீசரா என்று சார் எத்தனையோ தடவை என்னைக் கேட்டிருக்கிறார். 1994 ஜூனில் என் ஜெல் ஒன்று சரியாக வரவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று இரட்டிப்பாக்கினேன். வீட்டில் பால் காய்ச்சினாலே நான் மூன்று பொங்கு விடுகிறவள். என் புரதம் நல்ல பிள்ளை, நாள் முழுக்கக் கொதித்தாலும் அசையாது. அது சரியாக வந்தது. நோட்டில் எழுதிவிட்டேன். 1994 ஜூலையில்தான் காவேரி முதல் ஜெல் ஓட்டினாள்.

காவேரி அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டை மூடினாள். சவ்வுப் புரதத்துக்கு எண்ணெய்க்குணம், சூடு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும் போலிருக்கிறது, மூன்று நிமிடமாக இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஒரே ஒரு தடவை சுத்தப்படுத்த நாள் இருந்தது. இந்தத் தடவை பீட்ரூட் நானும் நறுக்கினேன், அவளுடைய ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு. ஐஸ் வாளியை நான்தான் அடையாறு டெப்போவிலிருந்து தூக்கி வந்தேன். வாளிக்குள் நெத்திலி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் பூனைக்குப் போட்டேன். காவேரி அதைக் கவனித்தாள்.

சனிக்கிழமை காலை நாலு துளி வந்தது. சரிபாதியாகப் பிரித்தாள். ஒரு பாதியைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தாள். மறு பாதியை மருந்தோடு கலந்து மேஜையில் அரைமணி நேரம் சும்மா வைத்தாள். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இரண்டையும் விட்டோம். மின்சாரம் போய்விடக் கூடாதே என்று மெஹபூப் பாஷா ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஜெல் முடிந்ததும் தலை கிள்ளாமல் சாயத்தில் போட்டோம்.

மாலை நாலரைக்குக் கழுவினோம். கொதிக்க வைத்த பத்தி அடிவரை வெள்ளை. உச்சியில் அதே நீலத் திட்டு. கொதிக்க வைக்காத பத்தியில் உச்சி சுத்தம். நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கோடு. ஒரே ஒரு கோடு, ஊசியால் இழுத்த மாதிரி.

காவேரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பாஷா எட்டிப் பார்த்து, "இவரா? இவருக்காகவாம்மா இவ்ளோ பீட்ரூட்டு?" என்றார்.

திங்கட்கிழமை கமிட்டி. மூன்று பேர், அதில் ஒருவர் வெளியூர். மாணவர்கள் நாங்கள் பின்வரிசையில். காவேரி இரண்டு பத்திகளையும் திரையில் போட்டு ஆங்கிலத்தில் இருபது நிமிடம் பேசினாள். வெளியூர்க்காரர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார், திரும்பினார், ஒரு வருஷம் கொடுக்கலாம் என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் கண் கலங்கியது, அவளுக்கு இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். வெளியூர்க்காரர் சும்மா ஒரு கேள்வி கேட்டார்: பத்து நிமிடம் கொதிக்க வைக்கச் சொல்லி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? ராஜகோபாலன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. விருந்தாளியே தன் வீட்டுச் சமையலைக் குறை சொன்ன மாதிரி.

"பத்தா? என் லேப்ல பத்து நிமிஷமா? யார் எழுதினா? ரெண்டு வருஷத்தைக் கொன்னவா யாருன்னு நானும் பார்க்கணும். காவேரி, அந்த நோட்டை எடுத்துண்டு வா."

எனக்கு அடுத்த வருஷம் அங்கேயே வேலை கொடுக்கச் சொல்லி சார் எழுதிய சிபாரிசுக் கடிதம், கையெழுத்துக்காக அவர் மேஜையில் இருந்தது. பச்சை மையைப் பார்த்தால் அவருக்கு அரை நொடி போதும். நானே எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கால் எழும்பவில்லை. இப்படி ஒரு கோழையா நான் என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அப்போதும் எழும்பவில்லை.

பக்கத்து அறைக்குப் போன காவேரி திரும்பிவர ஐந்து நிமிடம் ஆயிற்று. நோட்டைத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் திறந்திருந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு. நடுவில் குளம் கட்டி, ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் என்ன எழுத்து, என்ன மை என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

"சாரி சார்," என்றாள். "அவசரத்துல கை பட்டுடுச்சு. பீட்ரூட் சாறு சிந்திடுச்சு."

சார் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு நொடி பின்வரிசையையும் பார்த்தாரோ என்று எனக்குச் சந்தேகம். பிறகு, போகட்டும், புதுசா ஒரு பக்கம் எழுதி ஒட்டு என்றார்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன். ஏண்டி என்று கேட்டேன்.

"இன்னா ஏன்? சிந்திடுச்சு," என்றாள். "நீ தல கிள்ளாம வுட்டியே, அதுக்கும் இதுக்கும் சரியாப் பூட்ச்சு. வா, டீ குடிக்கலாம்."

இப்போது 1999. காவேரி ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். பட்டம் வாங்கிவிட்டாள்; குப்பத்தில் இன்னும் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டுத்தான் வருகிறார்கள். நான் அதே லேபில், அதே மேஜையில். பொது நோட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தின்மேல், சவ்வுப் புரதத்தைக் கொதிக்க வைக்காதே, தலை கிள்ளாதே என்று அவள் எழுதி ஒட்டிய தாள். தாளைத் தாண்டி நாலு பக்கமும் தெரிகிற சிவப்பு, இப்போது பழுப்பாகிவிட்டது.

புதிதாக வருகிற மாணவர்கள் நோட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, யார் மேடம் இப்படிக் கொட்டினது என்று கேட்பார்கள். நான்தான் என்பேன். எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள்.